கசபிளாங்கா ட்ராமிலிருந்து முதலில் இறங்கியவள்

பார்க்கிங் என்ற எங்கள் பகுதியிலிருந்து இல்ஃபோர்ட் போகும் பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகர்கள் ஏறினால் யாரும் தலையை நிமிர்த்துவதுகூட இல்லை. போனைக் காதிலிருந்து எடுக்காமலே அட்டையை நீட்டுவார்கள். ஒருநாள் ஒரு பெண், பரிசோதகரைப் பார்த்து, முதலில் உங்கள் பஸ்ஸை நேரத்துக்கு விடுங்கள் என்று திட்டினாள். அந்த மனிதர் மன்னிப்புக் கேட்டுவிட்டு அடுத்த ஆசனத்துக்கு நகர்ந்தார். நான் வாயைப் பிளந்துகொண்டு இருந்தேன். சீருடை போட்டவனைத் திட்டுவதா? திட்டிவிட்டு வீட்டுக்கும் போவதா? இத்தனை வருடம் இந்த வெள்ளைக்காரர் ஊரில் குப்பை கொட்டிய பிறகும், சீருடை ஏறியதும் என் இடுப்பு தானாக ஆசனத்தை விட்டு எழும்பிவிடும். பக்கத்தில் இருக்கிறவர்கள் நான் இறங்கப் போகிறேன் என்று நினைத்து வழி விடுவார்கள். பிறகு அசட்டுச் சிரிப்போடு திரும்ப இருக்கவேண்டும்.

என் கணவருக்கு இந்த நோய் இல்லை. அவர் மலேசியாக்காரர். ஈப்போவில் பிறந்து, படிக்க வந்து, கணக்காளராகி இங்கேயே தங்கிவிட்டவர். சாலையில் வாகனத்தை மறிக்கும் தடுப்பு என்றால் அவருக்குத் தெரிந்தது நெடுஞ்சாலையில் டோல் கட்டும் இடம் மட்டும்தான். "ஜெசி, கசபிளாங்காவுக்கு டிக்கெட் மலிவா கெடச்சிருக்கு. வெள்ளிக்கிழமை போயிட்டு ஞாயித்துக்கிழமை வந்துரலாம்" என்றார். "அங்கை பொலிஸ் எப்பிடி?" என்றுதான் நான் முதலில் கேட்டேன். மனிதர் விழுந்து விழுந்து சிரித்தார். மூன்று பேருடைய பாஸ்போர்ட்டுகள், அவற்றின் பிரதிகள், மகள் ஷெரினின் பிறப்புச் சான்றிதழ், எங்கள் கல்யாணப் பத்திரம் எல்லாவற்றையும் கைப்பையில் அடுக்கினேன். "அங்க போய் இன்னொரு தடவ ரிஜிஸ்டர் பண்ணப்போறோமா? அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேயாம்" என்றார். அவருக்கு எதற்கும் ஒரு பழமொழி இருக்கும்.

ஊர் என்றால் ஊர்தான், குறை சொல்ல ஏலாது. வெள்ளை வெளேரென்ற பழைய மாடிகளுக்கு நடுவே கண்ணாடிக் கட்டடங்கள், சிவப்பு நிறச் சின்ன டாக்சிகள், கடலின் விளிம்பிலேயே கட்டிய பெரிய பள்ளிவாசல், அதன் முன்னால் பந்தடிக்கிற பொடியள். கடலோர நடைபாதையில் குடும்பம் குடும்பமாக நடந்தார்கள். உப்புக் காற்று மன்னார்க் காற்று போலவே முகத்தில் ஒட்டியது. ஆனால் நான் வளர்ந்த போர்க்காலத்தில் மன்னாரில் கடலுக்குப் போக ஆமியின் பாஸ் வேண்டும். மீன்பிடிக்கப் போகிற சனம் அதைக் காட்டித்தான் கரையில் கால் வைக்கும். இங்கே ஒரு சோடி எதையும் காட்டாமல் போய்ப் பாறையில் குந்தி ஐஸ்கிறீம் சாப்பிட்டது. எனக்கு அதைப் பார்க்கப் பொறாமையாக இருந்தது, பயமாகவும் இருந்தது. யாரோ வந்து கேட்கப் போகிறான் என்றே காத்திருந்தேன். என் கணவர் படம் எடுக்க, நான் அந்தப் படத்துக்குள் பொலிஸ்காரன் எவனும் விழுந்துவிட்டானா என்று பார்த்தேன்.

சனிக்கிழமை மத்தியானம் நகரத்துக்குத் திரும்ப ட்ராமில் ஏறினோம். நல்ல சனம். ஷெரினும் நானும் கதவோரம் இருந்தோம், அவர் எதிரே நின்றார். என் போன் அவருடைய முதுகுப்பையில். ஒன்பது வயதுப் பிள்ளையின் கை என் கைக்குள் இருந்தது. ஒரு தரிப்பிடத்தில் கதவு திறந்தது. சீருடையில் நான்கு பேர் ஏறினார்கள்.

அந்தக் காலத்தில் மன்னாரிலிருந்து கொழும்புக்குப் போகும்போது மதவாச்சியில் ஆமியின் சோதனைச் சாவடியில் பஸ் நிற்கும். யாரும் எதுவும் சொல்லத் தேவையில்லை. பையைத் தூக்கிக்கொண்டு, அடையாள அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு எல்லோரும் இறங்கி வரிசையில் நடப்போம். அம்மா முழங்கையால் என்னை இடிப்பா. "அவன் சொல்ல முதல் இறங்கு பிள்ளை. முதல் இறங்கிறவளை வடிவாய்ச் சோதிக்கமாட்டான்." ஒருமுறை, எங்கள் முன் சீட்டில் வந்த ஒரு அக்கா நித்திரையாகி, கடைசியாக இறங்கினா. அவவை ஒரு பக்கமாக நிற்க வைத்துவிட்டு எங்களை ஏறச் சொன்னார்கள். பஸ் எடுத்துவிட்டது. கொழும்பு போய்ச் சேரும் மட்டும் அந்த சீட்டில் யாரும் இருக்கவில்லை.

கசபிளாங்காவில் நான் எப்போது எழும்பினேன், எப்போது இறங்கினேன் என்று சத்தியமாகத் தெரியாது. நினைவு வந்தபோது தரிப்பிட மேடையில் நின்றேன். கைப்பை வாயைத் திறந்து கிடந்தது. மூன்று பாஸ்போர்ட்டையும் விரித்துப் பிடித்தபடி, வராத ஒரு வரிசைக்கு முன்னால் நின்றேன். வேறு ஒருவரும் இறங்கவில்லை. பின்னால் கதவு மூடிய சத்தம். கண்ணாடியில் ஷெரினின் முகம், அது நகர்ந்தது. மடு மாதாவே, என்ரை பிள்ளை!

கேட்டால் சிரிப்பீர்கள், பிள்ளை தொலைந்தது என்றுகூட நான் முதலில் நினைக்கவில்லை. தகப்பனோடுதானே நிற்கிறாள். இரண்டு பேரிடமும் பாஸ்போர்ட் இல்லையே என்றுதான் பதறினேன். இந்த அந்நிய ஊரில், கையில் ஒரு துண்டும் இல்லாமல், சீருடைக்காரரோடு ஒரே பெட்டியில்! மேடையில் நின்ற இளம் காவலாளியிடம் ஓடிப்போய் மூன்றையும் நீட்டினேன். "நோ பாஸ்போர்ட், மதாம்" என்று கையை ஆட்டினான். "ஹேவ்! ஹேவ் பாஸ்போர்ட்!" என்று கத்தினேன். அவன் தன் மொழியில் ஏதோ சொல்லி, என் கைப்பையைக் காட்டினான். சோதனைக்குக் கேட்கிறான் என்று இன்னும் அகலமாகத் திறந்தேன். அவன் தலையில் அடித்துக்கொள்ளாத குறை. தானே குனிந்து பையின் ஸிப்பை இழுத்து மூடினான். "டோட்டர்! ட்ராம்!" என்று கையால் ஷெரினின் உயரத்தைக் காட்டினேன். அதற்குப் பிறகு அவன் வோக்கிடோக்கியில் பேசிவிட்டு, எனக்கு முன்னால் வந்து, வழியை மறித்தபடி அசையாமல் நின்றுகொண்டான். என்னைத் தடுத்து வைத்துவிட்டான் என்று முடிவு செய்தேன். அழுகை வந்தது. முன் சீட் அக்காவுக்கும் இப்படித்தான் இருந்திருக்கும்.

எதிர்ப்பக்கத்து ட்ராமில் தகப்பனும் மகளும் வந்து இறங்கினார்கள். கணவர் காவலாளியோடு அரைகுறைப் பிரெஞ்சில் பேசிவிட்டு என்னிடம் வந்தார். "உன் பை தெறந்து கெடந்துச்சாம். எவனாவது அடிச்சிட்டுப் போயிருவான்னு காவலுக்கு நின்னாராம்" என்றார். பிறகு, "டிக்கெட்தானே ஜெசி கேட்டாங்க. நம்மகிட்டதான் இருக்கே. எதுக்கு எறங்குன?" என்றார். நான் ஷெரினைக் கட்டிப்பிடிக்கப் போனேன். அவள் ஓர் அடி பின்னால் வைத்தாள். அழவில்லை. "அம்மா, வொய் டிட் யூ லெட் கோ?" என்றாள்.

பிள்ளைக்கு என்ன சொல்ல? கையை விட்டதே எனக்குத் தெரியாது. அதுதான் என்னைக் கொன்றது. பிள்ளையின் கையை விட்டுவிட்டு, என் கை பாஸ்போர்ட்டைத் தேடியிருக்கிறது. நானெல்லாம் ஒரு தாய்!

பின்னேரம் கடற்கரையில் புதினாத் தேநீரோடு இருந்தோம். ஷெரின் சற்றுத் தள்ளி இருந்து ஐஸ்கிறீம் சாப்பிட்டாள். "முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல?" என்றார் அவர்.

"மதவாச்சி எண்டு சொன்னனான்தானே. நீங்கள் அதை டோல் எண்டு நினைச்சியள். இறங்கி நடக்கிறது, அவ்வளவுதானே எண்டியள்."

அப்போதுதான் அந்த அக்காவைப் பற்றி முதன்முதலாக அவருக்குச் சொன்னேன். அவருக்குப் பழமொழி எதுவும் வரவில்லை. தேநீரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்: "அப்புறம் அவங்க வந்தாங்களா?"

"தெரியாது. நாங்கள் ஒருத்தரும் திரும்பிப் பாக்கேல்லை."

ஷெரினின் ஐஸ்கிறீம் கரைந்து கையில் வழிந்தது. அவள் துடைக்கவில்லை. எவ்வளவு கேட்டாள், எவ்வளவு விளங்கியது என்று நான் விசாரிக்கத் துணியவில்லை. ஞாயிற்றுக்கிழமை முழுவதும், தெரு கடக்கும்போதுகூட, அவள் தகப்பனின் கையைத்தான் பிடித்தாள். சந்தையில் ஒலிவ் காய்களை மலைமலையாகக் குவித்திருந்தார்கள் என்று ஞாபகம். வேறொன்றும் ஞாபகமில்லை.

போன கிழமை அவளை நடன வகுப்புக்குக் கூட்டிப் போனேன். அதே இல்ஃபோர்ட் பஸ். ஷெரின் யன்னலோரம் புத்தகம் வாசித்தாள். செவன் கிங்ஸ் பகுதியில் இருக்கிற என் சிநேகிதிக்கு நான் போனில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தேன். பரிசோதகர்கள் ஏறினார்கள். என் இடுப்பு எழும்பியது. அதே கணம் என் மணிக்கட்டில் ஐந்து விரல்கள் இறுகின. கையை அல்ல, மணிக்கட்டை, நான் விட்டாலும் விடுபடாத இடமாகப் பார்த்துப் பிடித்திருந்தாள். புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்காமலே, வீட்டில் என்னோடுகூடப் பேசாத தமிழில், "இருங்கோ அம்மா" என்றாள்.

பரிசோதகர் என் அட்டையைத் தட்டிப் பார்த்து, "யூ ஆர் ஓகே, லவ்" என்று நகர்ந்தார். பஸ் எடுத்தது. நான் இருக்கவும் இல்லை, எழும்பவும் இல்லை. என் ஒரு பாதி மதவாச்சியில் இறங்கி வரிசையில் நடந்துகொண்டிருந்தது. மற்றப் பாதியை ஷெரின் பிடித்து வைத்திருந்தாள்.