சம்பளம் கூடிய வருடம்

வாத்தியார்களுக்குச் சம்பளத்தைக் கூட்டினால் பிள்ளைகள் நன்றாகப் படிப்பார்கள் என்று இப்போதும் கூட்டம் போட்டுப் பேசுகிறார்கள். படிப்பார்கள்தான், நான் கண்ணால் பார்த்தேன். ஆனால் அந்தப் பணத்தை எங்கிருந்து எடுத்தீர்கள் என்று ஒருவரும் கேட்பதில்லை. கேட்காதவர்களைக் கண்டால் இந்த வயதிலும் எனக்கு எரிச்சல் வருகிறது.

எங்கள் பள்ளிக்கூடம் பினாங்குத் துறைமுகத்துக்குப் பின்னால், அரிசிக் கிடங்குகளுக்கு நடுவே ஒரு சந்தில் இருந்தது. தகரக் கூரை. ஒன்பது பெஞ்சு, மூன்று ஜன்னல், நாற்பத்தேழு பிள்ளைகள், இரண்டு வாத்தியார்கள். மாதச் சம்பளம் பெரிய வாத்தியாருக்கு இருபத்திரண்டு வெள்ளி, எனக்குப் பதினாறு. எனக்கு அப்போதே மூன்று குழந்தைகள். பள்ளி விட்டதும் ஒரு ஜவுளிக் கடையில் கணக்கு எழுதப் போவேன். பெரிய வாத்தியார் தபால் கந்தோர் வாசலில் உட்கார்ந்து கூலியாட்களுக்குக் கடிதமும் மனுவும் எழுதுவார். பாதி நாள் மத்தியானத்துக்கு மேல் அவர் வகுப்பில் இருக்கமாட்டார். அந்த வருடம் இன்ஸ்பெக்டர் துரை வந்து பரீட்சை வைத்தபோது தேறியவர்கள் பதினான்கு பேர்.

பிள்ளைகளின் தாய் தகப்பன் எல்லாரும் துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர்கள், கிடங்கு பெருக்குகிறவர்கள். விடியும் முன் வீட்டைப் பூட்டிக்கொண்டு போய்விடுவார்கள். மத்தியானம் பிள்ளைகளுக்குப் பள்ளியில்தான் கஞ்சி. ரங்கூன் அரிசி கரையில் இறங்கும்போது தமிழ் வியாபாரிகள் மூட்டைக்கு இவ்வளவு என்று தர்மத்துக்கு எடுத்து வைப்பார்கள். அதற்கு மகமை என்று பெயர். அந்த மகமையில்தான் கஞ்சி காய்ச்சினார்கள். விறகு, சமையற்காரி கூலி, கருவாடு எல்லாம் சேர்த்து மாதம் இருபத்திரண்டு வெள்ளி ஆகும்.

பெரிய வாத்தியார் பள்ளிக்கூடச் சங்கத்துக்கு மனுக் கொடுத்தார். சங்கத் தலைவர் ஓர் அரிசி மண்டி முதலாளி.

"வயிறு காஞ்சு கெடக்குறவன் என்னத்தச் சொல்லிக் குடுப்பான், மொதலாளி?" என்று வாத்தியார் கேட்டார்.

"நியாயந்தான் வாத்தியாரே. பதிமூணு ஒங்களுக்கு, ஒம்பது சின்னவருக்கு, கூட்டிப் போடுறோம். மகமைலேருந்து எடுத்துக்கலாம். பெத்தவங்க என்ன, பிள்ளைக்கு மத்தியானம் ஒரு வாய் போடமாட்டாங்களா?"

பதின்மூன்றும் ஒன்பதும் இருபத்திரண்டு. நான் உடனே கூட்டிப் பார்த்தேன், கஞ்சிச் செலவும் சரியாக அதுவேதான். வேண்டாம் என்று சொல்லியிருக்கவேண்டுமோ என்று யாரும் என்னைக் கேட்கவேண்டாம். பதினாறு வெள்ளியில் மூன்று குழந்தைகளை வளர்த்தவர்கள் வந்து கேட்கட்டும். எங்கள் இருவருக்கும் மாலை போட்டார்கள்.

அதன் பிறகு நாங்கள் உண்மையிலேயே பாடம் நடத்தினோம். பெரிய வாத்தியார் கடிதம் எழுதுவதை விட்டார். நான் ஜவுளிக் கடையை விட்டேன். நாலாம் வகுப்பில் ஒரு பெண், கிடங்கு பெருக்குகிறவளின் மகள். வகுத்தல் கணக்கை நான் பலகையில் எழுதி முடிப்பதற்குள் விடையைச் சொல்லிவிடுவாள். நாலாவது தேறினால் கன்னியர் மடத்துத் தையல் பள்ளியில் சேர்த்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார்கள். அங்கே சாப்பாடும் உண்டு, படுக்க இடமும் உண்டு. தேறாவிட்டால் தாயின் துடைப்பம்தான்.

புதுச் சம்பளம் தொடங்கிய முதல் நாள், மணி பன்னிரண்டுக்குப் பிள்ளைகள் வழக்கம்போலத் தகரத் தட்டோடு வரிசையில் நின்றார்கள். அடுப்பு மூட்டப்படவில்லை. "வீட்டுக்குப் போய்ச் சாப்ட்டு வாங்க" என்றார் பெரிய வாத்தியார். வீடெல்லாம் பூட்டிக் கிடந்தது. பிள்ளைகள் தாய் தகப்பனைத் தேடிக் கிடங்குக்குப் போனார்கள். அங்கே சும்மா நிற்கிறவனுக்குச் சோறு இல்லை. சிந்திய அரிசியைக் கூட்டி அள்ளினால் கங்காணி ஒரு படி கொடுப்பான். அன்று பிற்பகல் திரும்பி வந்தவர்கள் முப்பத்தெட்டு. மாதக் கடைசியில் முப்பது. அந்த முப்பதில் இந்தப் பெண் இல்லை.

தேடிக்கொண்டு நானே கிடங்குக்குப் போனேன். வாசலில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்த ஒருவன் என்னைப் பார்த்துக் கத்தினான்.

"சின்ன வாத்தியாருக்குச் சம்பளம் கூடிருச்சு லா! எல்லாரும் தட்ட எடுத்துட்டு வாங்க, பிரியாணி போடப் போறாரு!"

எல்லாரும் சிரித்தார்கள். பெண்ணின் தாய் மட்டும் முந்தானையால் முகத்துத் தூசியைத் துடைத்துக்கொண்டு வந்தாள். சற்றுத் தள்ளி மகள் குனிந்து பெருக்கிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"பரீட்சைக்கு ரெண்டு மாசந்தாம்மா இருக்கு. அதுவரைக்கும் அனுப்பு."

"ரெண்டு மாசம்னா அறுவது மத்தியானம், வாத்தியாரே."

ஞாயிற்றுக்கிழமைகளைக் கழித்தால் ஐம்பத்திரண்டு என்று திருத்த வாயெடுத்தேன். அடக்கிக்கொண்டேன். "என் சோத்துல பாதி குடுக்குறேன்" என்றேன்.

"இவளுக்குக் குடுப்பீங்க. இவ கூட வந்து கஞ்சி குடிச்ச ரெண்டு தம்பிங்களுக்கு? இப்ப மூணு பேருக்கும் இவதான் அரிசி அள்ளுறா. ஒங்க சோத்த நாலு பங்கு போட முடியுமா?"

முடியாது. வீட்டில் இருந்த என் மூன்று குழந்தைகளையும் சேர்த்தால் அது நாலு பங்கும் அல்ல. பள்ளிக்குத் திரும்பினேன்.

பரீட்சை அன்று இருபத்தொரு பேர் உட்கார்ந்தார்கள். பத்தொன்பது பேர் தேறினார்கள். துரை மகிழ்ந்துபோய், சம்பளத்தைக் கூட்டியதால் பள்ளி சிறந்துவிட்டது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். சங்கத்தில் எல்லாருக்கும் பலகாரம் கொடுத்தார்கள். நாற்பத்தேழு பேர் இருபத்தொன்று ஆகிவிட்டார்களே, சர்க்கார் உதவிப் பணம் தலைக்கணக்கில்தானே வரும், கஞ்சியைத் திரும்பப் போடவேண்டாமா என்று தலைவரிடம் கேட்டேன்.

"போன வருசம் எத்தன பேரு பாஸ்?"

"பதினாலு."

"இந்த வருசம்?"

"பத்தொம்பது."

"அப்புறம் என்ன வாத்தியாரே, லட்டு எடுத்துக்குங்க."

அவர் சொன்ன கணக்கில் பிழை இல்லை. ஐந்து பேர் கூடத்தான் தேறியிருந்தார்கள். கஞ்சி இருந்து நாங்களும் ஒழுங்காகப் பாடம் நடத்தியிருந்தால் எத்தனை பேர் தேறியிருப்பார்கள் என்ற கணக்குக்கு மட்டும் இன்றுவரை என்னிடம் விடை இல்லை. லட்டை எடுத்துக்கொண்டேன்.

மறுவாரம் அந்தப் பெண் வந்தாள். வாசற்படியைத் தாண்டி உள்ளே வரவில்லை. பள்ளியில் கொடுத்த சிலேட்டைக் கழுவித் துடைத்து, இரண்டு கையாலும் நீட்டினாள்.

"அம்மா குடுத்துட்டு வரச் சொன்னாங்க. ஓரம் கொஞ்சம் ஒடஞ்சிருக்கு. காசு புடிப்பீங்களா?"

"இல்ல, புடிக்கமாட்டோம்."

"நெசமா?"

"நெசமா."

கரையில் தொங்கான் படகு வந்த சத்தம் கேட்டது. அரிசி இறங்கும் நேரம். ஓடிவிட்டாள். அலமாரியில் ஏற்கெனவே நின்றுபோன பிள்ளைகளின் இருபத்தைந்து சிலேட்டுகள் இருந்தன. இதை வைக்க இடம் போதவில்லை. கீழே, சுவரோரமாகச் சாய்த்து வைத்தேன்.