பிழையில்லாத மெசேஜ்

என் தங்கைக்குக் காது போய்ப் பல வருஷமாகிறது. மருந்துக்கும் சரியாகவில்லை, மிஷினுக்கும் சரியாகவில்லை. பேசுவதெல்லாம் நன்றாகத்தான் பேசுவாள், ஒருத்தரை விட்டுவைக்காமல் பேசுவாள். நாம் சொல்வதுதான் அவளுக்கு ஏறாது. அதனால் செஞ்சியில் நானும் தொண்டூரில் அவளுமாக மெசேஜில்தான் பேசிக்கொள்வோம்.

இரண்டு பேரும் பள்ளிக்கூடத்தை எட்டிப் பார்த்ததோடு சரி. போனில் ‘ல’ எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்துவிட்டேன். ‘ள’வையும் ‘ழ’வையும் தேடிக்கொண்டு உட்கார எனக்குப் பொறுமை இல்லை. எங்கள் வாயிலும் அவை தனித்தனியாக வருவதில்லை. “மலை வருது” என்று எழுதுவேன். மழை வருகிறது, துணியை எடு என்று அர்த்தம். “எந்த மல அக்கா, ராணிக்கோட்டை மலையா? வந்தா சோறு போட்டு அனுப்பு” என்று பதில் போடுவாள். என் எழுத்தைப் பார்த்து என் மகன் சிரிப்பான். சிரிக்கட்டும், நான் அவனுக்கு எழுதவில்லை.

தங்கை அவள் மகன் வீட்டில் இருக்கிறாள். வீட்டில் என்றால் வீட்டுக்குள் இல்லை. மாட்டுக்கொட்டகையை ஒட்டித் தகரம் இறக்கிக் கட்டில் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். அவள் மருமகள் தட்டை வைத்துவிட்டுக் காலால் தரையைத் தட்டிக் கூப்பிடுவாள். நான் கண்ணால் பார்த்தேன். என்னோடு வந்து இரு என்று அன்றைக்கே எழுதிக் காட்டினேன். அவளுக்கும் என்னைப் போல வீம்பு உண்டு. யோசித்துச் சொல்கிறேன் என்றாள்.

அதற்குப் பிறகு அவளிடமிருந்து மெசேஜ் வருவது நின்றுபோனது. நான் போட்டதற்கும் பதில் இல்லை. உடம்புக்கு ஏதாவதா என்று பஸ் ஏறிப் போனேன். கட்டிலுக்குக் கீழே உட்கார்ந்து மல்லாட்டையை உடைத்துக் கடலை உரித்துக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை.

“வராதன்னு எழுதிட்டு, நீ மட்டும் எதுக்கு வந்த?” என்றாள்.

போனை என் பக்கம் தள்ளினாள். “அக்கா, வரட்டுமா?” என்று அவள் கேட்டிருந்தாள். அந்த மெசேஜே என் போனுக்கு வரவில்லை. அதற்குக் கீழே பதில் இருந்தது. ‘நீ இங்கே வர வேண்டாம். உன்னையும் வைத்துக் காப்பாற்ற எனக்கு வழி இல்லை. இருக்கும் இடத்திலேயே வாழப் பழகிக்கொள்.’ மேலே என் பெயர், என் நம்பர்.

எழுத்துக் கூட்டிப் படித்து முடித்ததும் எனக்கு முதலில் நிம்மதியாகத்தான் இருந்தது. வழி, வாழ, பழகு என்று எல்லாவற்றிலும் ‘ழ’ போட்டிருந்தது. நான் எழுதியிருந்தால் ‘வலி இல்லை’ என்றுதான் இருந்திருக்கும். என்னைத் தெரிந்த யாருக்கும் இது நான் எழுதியதில்லை என்று புரியும். அந்த எழுத்துகளை ஒவ்வொன்றாக விரலால் தொட்டுக் காட்டினேன்.

“நானும் பாத்தேன்” என்றாள். “படிச்சவங்கள பக்கத்துல உக்கார வெச்சி எழுதியிருக்க. என்னை வராதன்னு சொல்றதுக்கு உனக்கு ஒரு ஆளு தேவப்பட்டுச்சா? உன் கையால எழுதியிருந்தாகூட பொறுத்துட்டிருப்பேன்.”

அவளிடம் கத்திப் பிரயோஜனம் இல்லை. என் போனை எடுத்து “நா எலுதல” என்று அடித்து அவள் கண்ணுக்கு நேராகப் பிடித்தேன்.

“இப்ப மட்டும் எழுத்து மறந்து போச்சா?” என்று கேட்டுவிட்டு மறுபடியும் மல்லாட்டையைக் கையில் எடுத்தாள்.

பஸ்ஸில் திரும்பி வரும்போதுதான் பொங்கல் ஞாபகம் வந்தது. மகன் சென்னையில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறான். பொங்கலுக்கு வந்தவன் அவனுடைய கம்ப்யூட்டரைத் திறந்து, கறுப்பும் வெள்ளையுமாக ஒரு கட்டத்தை வரவைத்து, என் போனை அதன் எதிரில் காட்டினான். என்னடா என்று கேட்டேன். பேங்க்கிலிருந்து வருகிற நம்பரையெல்லாம் இனிமேல் நானே பார்த்துக்கொள்வேன், நீ கண்ணாடியைத் தேட வேண்டாம் என்றான். பிள்ளைக்கு என் கண் மேல் எவ்வளவு அக்கறை என்று நினைத்துக்கொண்டேன்.

கூட்டு ரோட்டில் இறங்கி நேராக செல்போன் கடைக்குப் போனேன். கடைக்காரர் போனைத் தடவிப் பார்த்துவிட்டு, இதில் ஒரு கம்ப்யூட்டர் சேர்ந்திருக்கிறது என்றார். இங்கே வருவதெல்லாம் அங்கேயும் தெரியுமாம். அங்கிருந்து என் பெயரில் அனுப்பலாமாம். அங்கே அழித்தால் இங்கேயும் அழிந்துபோகுமாம்.

“எடுத்துடட்டுமா ஆயா?” என்றார்.

“வேணாம். இருக்கட்டும்” என்றேன்.

அவன் ஏன் அப்படிச் செய்தான் என்று நான் யாரையும் கேட்க வேண்டியதில்லை. என் வீடு கோட்டைக்குப் போகிற ரோட்டில் இருக்கிறது. ஓட்டல் கட்ட ஒருவர் கேட்டுக்கொண்டே இருக்கிறார். என்னைச் சென்னையில் மாடியில் வைத்துவிட்டு வீட்டைத் தள்ளிவிட வேண்டும் என்பது மகனுடைய யோசனை. ஒரு கிழவியைக் கிளப்புவதே அவனுக்குப் பெரும்பாடாக இருக்கிறது. இன்னொருத்தியும் வந்து உட்கார்ந்தால் என்ன செய்வான்?

அன்று சாயங்காலம் தங்கைக்கு ஒரு மெசேஜ் போட்டேன். “வீட்ட உன் பேர்ல எலுதி குடுத்துட்டேன்.”

மறுநாள் காலையில் மகன் வந்து நின்றான். சவரம் செய்யாத முகம். தண்ணீர் கேட்டான், குழாயைக் காட்டினேன்.

“வீட்ட சின்னம்மா பேர்ல எழுதிட்டியாமே?”

“யாரு சொன்னா?”

“ஊர்ல பேசிக்கிறாங்க.”

“ஊர்ல யாரு? நான் ஒருத்தர்கிட்டயும் வாயத் தொறக்கல. அவளுக்குக் காது கேக்காது. மெசேஜ்தான் போட்டேன்.”

மதில் மேல் ஒரு குரங்கு உட்கார்ந்திருந்தது. அவன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். படித்த பிள்ளை, ஒரு பொய்யைக்கூட யோசித்து வைத்துக்கொண்டு வரத் தெரியவில்லை. எனக்கு நன்றாக இருந்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன். அவனாகப் பேசட்டும் என்று கீரையை ஆய்ந்துகொண்டிருந்தேன்.

கடைசியில், “உன் நல்லதுக்குத்தாம்மா” என்றான்.

“நல்லா எழுதியிருந்த நைனா. ஒரு பிழை இல்ல. வா, அவகிட்ட வந்து அதச் சொல்லு.”

அவனைக் கூட்டிக்கொண்டு தொண்டூருக்குக் கிளம்பினேன். அவன் பசியோடு இருக்கிறான் என்று தெரியும். செஞ்சியில் எத்தனையோ ஓட்டல்கள் இருந்தன, நான் நிற்கவில்லை. அங்கே போனதும், தகரத்துக்கு அடியில் என் தங்கையின் எதிரில் அவனை உட்கார வைத்து, போனில் எழுது என்றேன். தப்பு நடந்துபோச்சு என்று ஆரம்பித்தான். யார் செய்தது என்று கேட்டேன். அழித்தான். ‘சின்னம்மா, அம்மா எழுதவில்லை. அம்மா பேரில் நான்தான் எழுதினேன்’ என்று முடிக்கிற வரைக்கும் பக்கத்திலேயே நின்றேன்.

அவள் விரலை வைத்து, உதட்டை அசைத்து, மெதுவாகப் படித்தாள். அவனைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

“வராதன்னு எழுதினது இவன். சரி. வீட்ட என் பேர்ல எழுதிட்டன்னு போட்டது?”

நான் என் நெஞ்சைத் தொட்டுக் காட்டினேன்.

“எழுதிட்டியா?”

மகன் என் முகத்தையே பார்த்தான். ஆமாம் என்று தலையாட்டியிருந்தால் அவன் அங்கேயே உட்கார்ந்து அழுதிருப்பான். அப்படிச் செய்ய ஆசையாகவும் இருந்தது. ஆனால் கேட்டது அவள். இல்லை என்று தலையசைத்தேன். அவன் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது.

தங்கை போனைக் கீழே வைத்தாள். பிறகு சாதாரணமாகத்தான் பேசினாள். “அவன் ஒழுங்கா எழுதினதும் பொய்யி. நீ தப்புத் தப்பா எழுதினதும் பொய்யி. நேத்து அந்த மெசேஜ எடுத்துட்டுப் போயி மருமகளாண்ட காட்டினேன். எங்கக்கா எனக்கு வீடே குடுத்துட்டா, இனிமே உன் சோறு எனக்கு வேணாம்னு தட்டத் தள்ளி வெச்சேன்.”

அவள் கையைப் பிடித்து எழுப்பப் பார்த்தேன். வா, இப்போதே போகலாம் என்று வாசலைக் காட்டினேன். புரிந்தது அவளுக்கு. கையை உருவிக்கொண்டாள்.

“இப்ப வந்தா பொய்ய நம்பி வந்தவளுன்னு மருமக சிரிப்பா. உன் புள்ளயும் சிரிப்பான். இங்க ஒருத்தி சிரிக்கிறதே போதும். பஸ்சுக்கு நேரமாவுது, கெளம்பு.”

கெஞ்சி எனக்குப் பழக்கமில்லை. கெஞ்சினாலும் அவளுக்குக் கேட்காது. கிளம்பிவிட்டேன். ரோட்டுக்கு வந்ததும் மகன் என் பையை வாங்க வந்தான், கொடுக்கவில்லை. கம்ப்யூட்டரிலிருந்து என் போனை எடுத்துவிடுகிறேன் என்றான். எடுத்தானா இல்லையா தெரியாது, நானும் கடைக்குப் போய்ப் பார்க்கவில்லை.

தங்கை இன்னும் அந்தத் தகரத்துக்குக் கீழேதான் இருக்கிறாள். தினமும் அவளுக்கு எழுதுகிறேன். பதில் வருவதில்லை, படிக்கிறாளா என்றும் தெரியவில்லை. மகன் படித்தால் படித்துக்கொள்ளட்டும். அவனைப் பற்றித்தான் எழுதுகிறேன்.