பின்சக்கரத்தைச் சுற்றியவர்

உலகமே பொய்யானாலும் இந்தச் சம்பவம் பொய்யில்லை. நேரில் அனுபவித்த சாட்சி இருக்கிறார். முக்கியமான கட்டத்தில் அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டார் என்பது வேறு விஷயம்.

சாட்சி, பழைய மோட்டார் சைக்கிள் சங்கத்தின் தலைவர். தன் கை பட்டால் எந்த வண்டியும் ஒரே உதையில் கிளம்பும் என்று மேடைதோறும் முழங்கி, 'ஒரே உதை' என்றே பெயர் வாங்கியவர். மறுநாள் கண்காட்சி. போன மாதம் வாங்கிய ஐம்பது வயது வண்டியை, சங்கமே பார்க்க உதைத்துக் காட்ட வேண்டும். அதுவோ நூறு உதைக்கும் ஒரு இருமல்கூட இருமவில்லை.

மத்தியானம் 3.10. ஷெட்டில் உட்கார்ந்து பாயிண்ட் மூடியைக் கழற்றினார். உள்ளே இருக்கும் இரண்டு சின்ன முனைகளும் சரியான நொடியில் பிரிந்தால்தான் பொறி வரும். அதைப் பிடிக்க ஒரு வழி உண்டு. இடையில் சிகரெட் தாளைச் செருகி, லேசாக இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். பின்னால் ஒருவர் சக்கரத்தை மயிரிழை மயிரிழையாகச் சுற்ற வேண்டும். தாள் நழுவும் இடம்தான் இடம். கண்ணைத் தாளிலிருந்து எடுக்கவே கூடாது.

சுற்றுவதற்கு மச்சினனை வரச் சொல்லியிருந்தார். 3.20. பின்னால் யாரோ குந்தும் சத்தம்.

"வந்துட்டியா மகராசா? சுத்து."

சுற்றியது.

"நிறுத்து."

நின்றது. இம்மி பிசகவில்லை. அரை அங்குலம் கேட்டால் அரைச் சுற்று சுற்றுகிறவனா இவன்?

3.31. தலைவர் தன் வழக்கப்படி அந்த முனைகளின் இடைவெளியைத் தாராளமாக வைத்தார்.

"சுத்து."

அசையவில்லை.

"என்னடா, தூக்கமா?"

அதிகமோ என்று நினைத்து இடைவெளியைக் கொஞ்சம் குறைத்தார். சொல்வதற்கு முன்பே சக்கரம் நகர்ந்தது... தாள் நழுவியது.

3.40. போன் அடித்தது.

"மச்சான், கோவிச்சுக்காதீங்க. இப்பத்தான் பஸ் ஏறுறேன்."

கிறீச்...

சக்கரம் இன்னும் சுற்றியது.

கிறீச்...

கண்ணை மூடினார்.

திறந்தபோது யாருமில்லை.

மறுநாள் வண்டி ஒரே உதையில் கிளம்பியது. கைதட்டல். "எல்லாம் என் கைராசி," என்றார் தலைவர். முந்தைய நாள் நடந்ததை அங்கே ஒருவரிடமும் மூச்சு விடவில்லை.

வண்டியை அவருக்கு விற்ற பெண்மணி கிட்டே வந்தார்.

"எங்கப்பா செட் பண்ணி வச்ச மாதிரியே சத்தம் சார். மெக்கானிக்கா இருந்தவரு. கடைசியில கண்ணு போயிடுச்சு. பின்னாடி குந்திக்கிட்டு சக்கரம் மட்டும் சுத்துவாரு. பாயிண்ட் கேப் தப்பா இருந்தா, கெஞ்சினாலும் சுத்த மாட்டாரு."

"இப்ப எங்க இருக்காரு?"

"அவரு போயி ஆறு வருஷமாச்சே."

தலைவர் அதன்பிறகு அந்தப் பாயிண்ட்டைத் தொடவில்லை. ஆள் நடமாட்டம் இல்லாத நேரம் பார்த்து, வண்டியைத் தெருமுனை மெக்கானிக்கிடம் தள்ளிக்கொண்டு போகிறார்.