பென்னா தெரு, பன்னிரண்டாம் எண்

போன வாரம் பொன்னேரியில் எங்கள் வீட்டு மாடிப்படி கிரில்லுக்கு எனாமல் பெயிண்ட் அடித்தார்கள். தின்னர் வாடை வீடு முழுக்க நிறைந்துவிட்டது. என் மனைவி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஒவ்வொரு ஜன்னலாகத் திறந்துகொண்டு போனாள். நான் மட்டும் கிரில்லுக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு சுகமாக மூச்சை இழுத்துக்கொண்டிருந்தேன். "தலைவலி வரப்போவுது, உள்ள வாங்க" என்றாள். வலி வந்ததுதான். ஆனாலும் எழுந்திருக்க மனம் வரவில்லை. அந்த வாடைக்குள் எனக்கு ஒரு காலனியே இருக்கிறது.

பொதட்டூர்பேட்டைப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஐ.டி.ஐ. சான்றிதழும் இரண்டு சட்டையுமாகக் கும்மிடிப்பூண்டிக்கு வந்தவன் நான். ஒரு இரும்பு உருட்டாலையில் ஃபிட்டர் வேலை. உடம்பில் ஒட்டிய இரும்புத் தூள் எத்தனை சோப்பு போட்டாலும் போகாது. வெள்ளைச் சட்டை வாங்குவதையே விட்டுவிட்டேன். தங்கியது தொழிற்பேட்டைக்குப் பின்னால், ரயில் பாதையை ஒட்டி, நெல் வயலாக இருந்த இடத்தை மனை போட்டு விற்ற ஒரு காலனியில். ஏழு தெரு. ஆலைத் தொழிலாளிகளின் வீடுகள். ஒரு தெருவுக்கும் பெயர் கிடையாது. வீடுகளுக்கு எண் உண்டு என்றுதான் சொல்ல வேண்டும், மனை எண் ஒன்று, மின்சார அட்டையில் ஒன்று, வாக்காளர் பட்டியலில் ஒன்று என்று மூன்று. எது கேட்டாலும் எதையாவது சொல்லிக்கொள்ளலாம்.

பெயர் இல்லாதது யாருக்கும் குறையாகத் தெரியவில்லை. "மாவு மில்லு தெரு", "பச்ச கேட்டு ஊட்டுக்கு எதிர்ல", "நாய் படுத்துக்கினு இருக்குமே, அந்த முக்கு" என்று சொல்லிக்கொள்வோம். நாய் இடம் மாறினால் விலாசமும் மாறும். என் அம்மா ஊரிலிருந்து முதல்முறை வந்தபோது அந்த நாயைத் தேடி ஒரு மணி நேரம் சுற்றினாள். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம்.

நான் குடியிருந்தது எஸ்தர் அக்கா வீட்டு மாடியறையில். அக்கா ஒரு பிஸ்கட் ஆலையில் பேக்கிங் பிரிவில் இருந்தார். அவர் கணவர் ஏசுதாஸ் அண்ணன் எங்கள் ஆலையில் கிரேனுக்குக் கை காட்டுகிறவர். உயரத்தில் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்திருக்கும் கிரேன்காரருக்குக் கீழே பேசுவது எதுவும் கேட்காது. கை ஒன்றுதான் மொழி. தூக்கு, இறக்கு, நகர்த்து, நில். பத்து டன் இரும்பு அண்ணனின் இரண்டு விரலைப் பார்த்து நகரும். வீட்டிலும் அவர் அப்படித்தான். குழம்பு வேண்டுமென்றால் ஒரு விரல், போதுமென்றால் உள்ளங்கை. "வாயத் தொறந்து கேட்டா முத்து உதுந்துடுமா?" என்று அக்கா சண்டை பிடிப்பார்.

ஒரு நாள் காலை, பதினோரு மணி இருக்கும். இரவு ஷிப்ட் முடிந்து தூங்கிக்கொண்டிருந்தேன். "தம்பி! தம்பி!" என்று அக்கா கத்துகிற சத்தம். இறங்கி ஓடினேன். அண்ணன் தண்ணீர்த் தொட்டி ஓரம் சாய்ந்து கிடந்தார். "வாயி கோணிக்கினு போவுது பாரு, கைய தூக்கச் சொன்னா தூக்க மாட்றாரு" என்று அக்கா அவர் வலக்கையைத் தூக்கித் தூக்கிக் காட்டினார். அது விழுந்துகொண்டே இருந்தது.

பட்டன் போன் காலம். என்னிடம் ஒன்று இருந்தது. ஆம்புலன்ஸுக்கு அடித்தேன். மறுமுனையில் பொறுமையாகத்தான் கேட்டார்கள்: எந்தத் தெரு, என்ன எண்? "தெரு பேரெல்லாம் இல்லீங்க. டேங்க்குகிட்ட வந்துடுங்க, நான் நிக்கிறேன்" என்றேன்.

எங்கள் பக்கத்தில் மேல்நிலைத் தண்ணீர் டேங்க் இரண்டு. நெடுஞ்சாலையிலிருந்து பார்த்தால் முதலில் தெரிவது கால்வாய்க்கு அந்தப் புறம் கிராமத்தின் பெரிய டேங்க். எங்கள் டேங்க் இந்தப் புறம், ரயில் பாதை ஓரம், குள்ளமானது. நடுவில் ஆள் மட்டும் நடக்கக்கூடிய ஒரு பலகைப் பாலம். வண்டி வர வேண்டுமானால் மறுபடி நெடுஞ்சாலைக்குப் போய்ச் சுற்ற வேண்டும். இதெல்லாம் எனக்கு நன்றாகத் தெரியும். அந்த நேரம் ஒன்றும் தோன்றவில்லை.

சைரன் சத்தம் வந்தது. அக்கா நிமிர்ந்து பார்த்தார். சத்தம் நெருங்கியது, பிறகு மெலிந்தது. மறுபடி நெருங்கியது, மறுபடி மெலிந்தது. கால்வாய்க்கு அந்தப் புறம் அது எங்களைத் தேடிக்கொண்டிருந்தது. நான் துண்டை ஆட்டிக்கொண்டு கருவேல முள்ளுக்குள் ஓடினேன். கடைசியில் வண்டி வாசலுக்கு வந்து நின்றபோது முக்கால் மணி நேரம் போயிருந்தது.

அண்ணன் பிழைத்துக்கொண்டார். வலக்கையும் பேச்சும் போய்விட்டன. மருத்துவர் திட்டவில்லை. எழுதிக்கொண்டே, "இன்னும் கொஞ்சம் முன்ன வந்திருக்கலாம்" என்றார், அவ்வளவுதான். அந்த வாக்கியம் என்னோடு மாடியறைக்கு வந்து என் பாயிலேயே படுத்துக்கொண்டது. வாடகை கொடுக்கப் போனால்கூட அக்காவின் முகத்தைப் பார்க்க மாட்டேன். எந்த டேங்க் என்று நான் சொல்லாமல் விட்டதை யாரிடமும் சொல்லவுமில்லை.

தெருவுக்குப் பெயர் வைக்க வேண்டும் என்ற பேச்சு அதற்குப் பிறகுதான் வந்தது. மாவு மில் வைத்திருந்த முனிரத்தினம் ஆரம்பித்தார். நெல்லூர்ப் பக்கத்துக்காரர், ஊரே அவரை நைனா என்றுதான் கூப்பிடும். ஞாயிற்றுக்கிழமை மில்லை நிறுத்திவிட்டு எல்லோரையும் உட்காரவைத்தார். முந்தின நாள் அரைத்த மிளகாயின் காரம் காற்றில் நின்றதால் முதல் கூட்டத்தில் பாதிப்பேர் பேசினார்கள், பாதிப்பேர் தும்மினார்கள்.

தும்மல் போதாதென்று சண்டையும் வந்தது. ஒருவர் தன் கட்சித் தலைவர் பெயரைச் சொன்னார். இன்னொருவர் தன் சாதித் தலைவர் பெயரை. மூன்றாமவர் எங்கள் தெருவுக்கு அம்மன் பெயர்தான் என்றார். அப்படியானால் எங்கள் தெருவுக்கு மாதா பெயர் என்றார் நான்காமவர். ஒருவர் நடிகர் பெயரைச் சொல்லிவிட்டுக் கைதட்டலுக்காகக் காத்திருந்தார். இரண்டு ஞாயிறு இப்படியே போனது. இரண்டாவது ஞாயிறு ஒருவர் சட்டை கிழிந்தது.

மூன்றாவது ஞாயிறு எஸ்தர் அக்கா வந்தார். உட்காரவில்லை. கதவோரம் நின்றபடி பேசினார்.

"உங்க தலைவருங்க எல்லாம் நல்லவங்கதான், நான் ஒண்ணும் சொல்லல. என் ஊட்டுக்காரரு விழுந்து கெடந்தப்போ அந்த வண்டிக்காரரு எங்கள தேடிக்கினே இருந்தாரு. அவருக்கு இன்னா தலைவரு வேணும்? போன்ல ஒரு தபா சொன்னா புரியணும். இன்னொரு தெருவோட கொழம்பக்கூடாது. அந்த மாரி பேரா வையிங்க."

நைனா தொண்டையைச் செருமினார். "எங்க ஊர்ல பென்னா ஆறு ஓடுது. அதுக்கு கட்சியும் இல்ல, ஜாதியும் இல்ல. ஆத்து பேரா வெச்சா இன்னா?"

"காவேரிக்கு ஜாதி இல்ல நைனா, கேஸு இருக்குதே" என்றது ஒரு குரல். சிரிப்பு எழுந்தது. "கொழாயில தண்ணி வராத தெருவுக்கு ஆத்து பேரா?" என்றது இன்னொரு குரல். "போர்டுலயாவது ஓடட்டும் உடு" என்றார் நைனா. அதோடு முடிந்தது. ஆரணி, கொசஸ்தலை, பாலாறு, காவிரி, வைகை, தாமிரபரணி. ஏழாவதாக, ரயில் பாதை ஓரத்தில் அக்கா வீடு இருந்த எங்கள் தெருவுக்கு, நைனாவின் பென்னாவுக்குத் தமிழில் உள்ள பெயர், பெண்ணை.

அக்கா விடவில்லை. போனில் கேட்டுப் பார்த்தால்தான் ஆச்சு என்றார். மில்லை ஓடவிட்டு, அந்த இரைச்சலுக்கு நடுவே நைனா போனைக் காதில் வைத்துக்கொள்ள, நான் நெடுஞ்சாலையில் நின்று ஒவ்வொரு பெயராகக் கத்தினேன். லாரிக்காரர்கள் என்னை ஒரு மாதிரி பார்த்துக்கொண்டு போனார்கள். நைனாவின் காதுக்கு ஆறு பெயர் சரியாகப் போய்ச் சேர்ந்தன. பெண்ணை மட்டும் எண்ணெய் ஆகிவிட்டது. தன் ஆற்றை விட்டுக்கொடுக்க நைனாவுக்கு மனமில்லை. "அப்ப எங்க ஊர்ல சொல்ற மாரியே பென்னான்னு வெச்சிக்கலாம்" என்றார். மறுபடி கத்திப் பார்த்தேன், அது சரியாகக் கேட்டது.

பிறகுதான் பெயிண்ட். பழைய இரும்புக் கடையில் தகடு வாங்கி, நீல எனாமல் அடித்து, வெள்ளையில் எழுத்து. ஐ.டி.ஐ.யில் வரைபடத்தில் நல்ல மார்க் என்று நான் எப்போதோ பெருமையடித்துக்கொண்டிருந்ததால் எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. 'வை'யைப் பெரிதாகப் போட்டுவிட்டேன். 'கை'க்கு இடமில்லாமல் தகட்டு ஓரத்தில் அது ஒண்டிக்கொண்டு நின்றது. வைகைத் தெருக்காரர்கள் கடைசிவரை என்னை மன்னிக்கவில்லை. ஏணி ஒருவர் வீட்டிலிருந்து, கம்பம் ஒருவர் ஆலைக் கழிவிலிருந்து, சிமெண்ட் ஒருவர் கட்டிக்கொண்டிருந்த வீட்டிலிருந்து வந்தன. பெண்கள் வீடு வீடாகப் போய் வரிசையாக எண் எழுதினார்கள். போர்டை மறைத்த கருவேலத்தை வெட்டினோம். என் சட்டைக்கு இரும்புத் தூளோடு நீலமும் சேர்ந்தது. சட்டை கிழிந்தவரும் கிழித்தவரும் ஒரே கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றதை நான் பார்த்தேன்.

எல்லாம் முடிந்ததும் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று அக்கா சொன்னார். எங்கள் பக்கமே வந்திராத ஒரு ஆட்டோக்காரரை ஆரம்பாக்கத்திலிருந்து பிடித்து, நெடுஞ்சாலையில் நிற்கச் சொன்னோம். நான் அக்கா வீட்டிலிருந்து போன் செய்தேன். "பென்னா தெரு, பன்னெண்டாம் நம்பர்." வேறு ஒன்றும் சொல்லவில்லை. தெருவே வாசலில் கூடி நின்றது. ஏசுதாஸ் அண்ணனை நாற்காலியில் வெளியே உட்காரவைத்திருந்தோம். அக்கா உள்ளே சுவர்க் கடிகாரத்துக்கு எதிரில் நின்றார்.

நான்கு நிமிடம். ஆட்டோ முக்கில் திரும்பி நேராக வந்து வாசலில் நின்றது. கைதட்டினோம், விசில் அடித்தோம். ஆட்டோக்காரருக்கு யாரும் முழு விவரம் சொல்லியிருக்கவில்லை போலிருக்கிறது. பரபரப்பாக இறங்கி, "யாருக்குங்க ஒடம்பு சரியில்ல? ஏறச் சொல்லுங்க" என்றார்.

கைதட்டல் நின்றுவிட்டது. அக்கா வெளியே வந்து அவருக்கு ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்தார். "நாலே நிமிசம்" என்றார், யாரிடம் என்றில்லாமல். பிறகு உள்ளே போய்விட்டார்.

நான் பின்னாலேயே போனேன். அடுப்படி வாசலில் நின்று, எப்படியோ சொல்லிவிட்டேன். "அக்கா, அன்னைக்கு எந்த டேங்க்குன்னு நான் சொல்லல. என்னாலதான் வண்டி சுத்திக்கினு இருந்துச்சு."

அக்கா திரும்பவில்லை. "தெரியும்" என்றார். "நீ போன்ல பேசறப்ப நான் பக்கத்துலதான நின்னுக்கினு இருந்தேன்? என் கையில போனு இருந்தாலும் அதேதான் சொல்லியிருப்பேன். எங்களுக்கு டேங்க்குன்னா இதான?" முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இத்தினி நாளா இத தூக்கிக்கினா திரிஞ்ச? வாடக குடுக்கறப்ப மூஞ்ச பாக்க மாட்ட. நான் எதுனா கோவம்னு நெனச்சேன்" என்றார்.

வெளியே வந்தேன். அண்ணன் நாற்காலியிலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே பேசியது அவர் காதில் விழுந்ததா என்று இன்றுவரை தெரியாது. இடக்கையை மெல்ல நீட்டி, விரலைக் கீழ்நோக்கிச் சிறு வட்டமாகச் சுற்றினார். எங்கள் ஆலையில் அது எல்லோருக்கும் தெரிந்த சைகை. பாரத்தை மெதுவாக இறக்கு.

அதற்குப் பிறகு காலனி நிமிர்ந்து நடந்தது என்று சொன்னால் மிகையாகத் தோன்றலாம். ஆனால் கல்யாணப் பத்திரிகையில் 'வைகைத் தெரு' என்று அச்சடித்தார்கள். ரேஷன் கார்டில் பென்னா ஏறியது. தாமிரபரணித் தெருப் பெண் ஒருத்திக்கு மூன்று வாரம் முன்னதாகவே வலி வந்தபோது வண்டி சுற்றாமல் வந்தது. குழந்தையும் தாயும் சௌக்கியம். கொசஸ்தலையைப் பிள்ளைகள் கொசுத் தெரு என்றார்கள், அதில் பொய்யும் இல்லை. ஏதாவது வேலையென்றால் ஞாயிறு காலை நைனா மில் வாசலில் நின்று "யாருப்பா வர்றீங்க?" என்று ஒரு குரல் கொடுப்பார். ஏழு தெருவிலிருந்தும் ஆள் வரும். அண்ணன் வாசலில் உட்கார்ந்து, வழி தவறி வரும் லாரிகளை இடக்கையால் பின்னெடுக்க வைத்துக்கொண்டிருப்பார். ஓட்டுநர்கள் அவர் சொல்படி கேட்டார்கள்.

கல்யாணமாகிப் பொன்னேரிக்கு வந்த பிறகு அங்கே போய்வருவது குறைந்தது. நைனா மில்லை விற்றுவிட்டு ஊருக்குப் போனார். அண்ணன் போய்ச் சேர்ந்தபோது போய் நின்றேன். அக்கா பிறகு மகளோடு ஆவடிக்குப் போய்விட்டார்.

போன மாசிக்கு அந்தப் பக்கம் ஒரு வேலையாகப் போனவன், வண்டியை அங்கே திருப்பினேன். ரயில் பாதை ஓரத்து நான்கு தெருவையும் யாரோ கிடங்குக்காரர்கள் மொத்தமாக வாங்கி, சுற்றுச்சுவர் எழுப்பியிருக்கிறார்கள். பாலாறும் வைகையும் தாமிரபரணியும் பென்னாவும் ஒரே சிமெண்ட் தரை. அதன்மேல் கண்டெய்னர்கள். மிச்சமிருக்கும் மூன்று தெருவுக்கு முதல் குறுக்குத் தெரு, இரண்டாவது குறுக்குத் தெரு என்று புதிய போர்டு. வெளிச்சம் பட்டால் மின்னுகிறது, எழுத்து என்னுடையதைவிட நூறு மடங்கு நன்றாக இருக்கிறது. ஆம்புலன்ஸ் இப்போது போன் வரைபடத்தைப் பார்த்து, யாரையும் கேட்காமலே வந்துவிடும். நல்லதுதான், குறை சொல்ல எனக்கு வாயில்லை.

கேட் முன்னால் நெடுநேரம் நின்றிருப்பேன் போலிருக்கிறது. காவலாளி எழுந்து வந்தார்.

"இன்னா சார், யார பாக்கணும்?"

எஸ்தர் அக்கா, ஏசுதாஸ் அண்ணன், நைனா, சட்டை கிழிந்தவர், கிழித்தவர் என்று ஒவ்வொருவராக வாய்வரை வந்தார்கள்.

"யாரும் இல்லண்ணே" என்றேன்.