நான் படித்துச் சொன்ன விளையாட்டு

அண்ணனுக்குப் பார்வை மங்கியபோது, கம்ப்யூட்டரில் ஒரு விளையாட்டைப் பாதி ஆடி முடித்திருந்தான். அதில் சண்டை கம்மி, எழுத்துதான் ஜாஸ்தி. பாத்திரங்களின் பேச்சு இங்கிலீஷில் பத்தி பத்தியாகத் திரையில் வரும். படித்துப் பார்த்து நாம் பதிலைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நான் பக்கத்தில் உட்கார்ந்து தமிழில் சொல்வேன். ராஜா, திருடன், கிழவி எல்லாருக்கும் நானே குரல். "எல்லாரும் நம்ம அம்மா மாதிரியே திட்டறாங்கடி" என்று சிரிப்பான்.

கண் ஆஸ்பத்திரி ரிப்போர்ட்டையும் நான்தான் படித்துச் சொன்னேன். பார்வை திரும்பாது, பார்வையற்றவர்களுக்கான பயிற்சியில் உடனே சேர்க்கவும் என்று இருந்தது. "கொஞ்ச நாள்ல சரியாயிடும்னு போட்டிருக்காங்கண்ணா" என்றேன். விஷயம் தெரிந்த அம்மா எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். அவனும் நம்பி, எதிலும் சேராமல் காத்திருந்தான்.

விளையாட்டில் அவனோடு கூடவே வரும் வில்லுக்காரி ஒருத்தி இருந்தாள். அவள்மேல் அவனுக்கு அவ்வளவு பிரியம். ஒருநாள் அவள் செத்துப்போனாள். எனக்கு அதைச் சொல்ல வாய் வரவில்லை. "அவ ஊருக்குப் போய்ட்டா" என்றேன். கதைப்படி அவள் ஊர் எப்போதோ எரிந்துபோயிருந்தது. ஒழுங்காகப் பொய் சொல்லக்கூடத் துப்பில்லாதவள் நான்.

அடுத்த வருஷம் அதே விளையாட்டு, எல்லாப் பேச்சுக்கும் குரல் சேர்த்துப் புதிதாக வந்தது. அண்ணனின் நண்பர் சிடி கொண்டுவந்து போட்டுக் கொடுத்தார். என் தொண்டைக்கு விடுதலை என்று சந்தோஷப்பட்டேன். என் பொய்யை நானே மறந்திருந்தேன். அண்ணன் பி.எஸ்சி. படித்தவன், கேட்டால் இங்கிலீஷ் நன்றாகப் புரியும். நான் மவுஸைத் தட்ட, அவன் கேட்டுக்கொண்டே வந்தான். வில்லுக்காரி மூச்சு வாங்கி வாங்கிப் பேசிச் செத்தாள்.

"ஊருக்குப் போய்ட்டான்னியே?" என்றான். அப்புறம், "ரிப்போர்ட்ல நிஜமா என்ன போட்டிருந்தது?" என்று கேட்டான்.

அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். "ஒரு வருஷம் என்னைச் சும்மா உக்கார வெச்சிட்டியேடி" என்றான். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். மறுநாள் எதிர்வீட்டு வாத்தியாரை வரவழைத்து, ரிப்போர்ட்டை முழுதும் படிக்கச் சொல்லிக் கேட்டான்.

அந்த வாரமே கீழ்பென்னாத்தூர் அத்தை வீட்டுக்குப் போக பஸ் ஸ்டாண்டில் நின்றோம். என் தோளைப் பிடித்திருந்தான். "நம்ம பஸ் வந்துடுச்சுண்ணா, ஏறு" என்றேன்.

அவன் பக்கத்தில் நின்றவர் பக்கம் திரும்பி, "சார், இது கீழ்பென்னாத்தூர் போற பஸ்ஸுங்களா?" என்று கேட்டான்.