செல்லம்மா சாக்கில் விழுந்த பழம்

கோப்பிப்பழத் தோல் புளிச்ச வாடை... இன்னமும் மூக்குக்குள்ளேயே இருக்கு. இருக்காதா? அளவுக்காரனா நின்ன முதல் நாளே அந்தத் தோலில் வழுக்கி, வெள்ளைக்காரத் துரை கண்ணெதிரே மல்லாக்க விழுந்தவனாச்சே நான். பெண்டுகள் முந்தானையை வாயில் திணிச்சுக்கிட்டுச் சிரிச்சாங்க.

கண்டிக்கு மேலே எங்க தோட்டம். நாலெழுத்து தெரியும்ங்கிற ஒரே தகுதியில், யார் யார் எவ்வளவு பழம் பறிக்கிறாங்கன்னு அளக்கிற வேலையை என்கிட்ட கொடுத்தாங்க. சாக்கைக் கொட்டினா மரப்பெட்டி நிறையணும். குறைஞ்சா அரைப்பேர்... பாதிக் கூலிதான்.

பெட்டி கைக்கு வந்ததிலிருந்து ஒருத்தரும் என்னோட ஒட்டல. பெண்டுகள் வரிசையா நின்னு பறிக்கிற நிரைக்குள்ள நான் போனா பாட்டு நின்னுபோகும்.

மனைவி போனப்புறம் எனக்குன்னு இருந்தது மகள் செல்லம்மா மட்டும். அவ பெட்டி ஒருநாளும் குறைஞ்சதில்லை. "எம்பொண்ணு கை காத்தாட்டம்!"னு போற வர்றவங்ககிட்ட எல்லாம் பீத்திக்குவேன். துரைகிட்டயே சொல்லிவச்சேன்.

அவளைப் புசல்லாவைப் பக்கம் ஒரு தோட்டத்துல கட்டிக்கொடுத்த பிறகு ஒருநாள், அவகூட நிரையில் பறிச்ச ராக்கம்மா சிரிச்சா.

"காத்தா? ஆமைண்ணே, ஆமை! நாங்க ஆளுக்கு ஒரு கை அள்ளிப் போட்டுத்தான் அவ சாக்கை நிரப்புவோம்."

"எனக்குத் தெரியாதே!"

"நீங்க பெட்டியத்தானே பாப்பீங்க..."

யாருக்கும் அரைப்பேர் விழக்கூடாதுங்கிறது அவங்களுக்குள்ள ஒரு வழக்கமாம். செல்லம்மா பேரில் நான் அளந்ததெல்லாம் அந்த நிரை மொத்தமும் பறிச்சதைத்தான். துரை வேற, 'எல்லாரும் ஒரே சீரா வேலை செய்றாங்களே'ன்னு என்னை மெச்சிக்கிட்டிருந்தார்.

அப்புறம் கோப்பி இலையில் நோய் விழுந்து, செம்மஞ்சள் பொடி படிஞ்சு, மலையே மொட்டையாச்சு. ராக்கம்மா கூட்டமும் கடல் தாண்டி ஊருக்கே திரும்பிடுச்சு.

இப்ப எங்க பார்த்தாலும் தேயிலை. ஆளுக்கொரு கூடை, தராசு வச்சு நிறை. அந்தத் தராசுகிட்டயும் நான்தான் நிக்கிறேன். அளவு முன்னைவிடச் சுத்தம். சாயங்காலம் கூலிக்காரங்க வரிசை வீடு, லயத்துக்குப் போனா, பேச்சுக்குத்தான் ஆளில்லை.

போன மாசம் மகளைப் பார்க்கப் போனேன். இளைச்சிருந்தா.

"அரைப்பேர் விழுதாம்மா?"

"அதெல்லாம் இல்லைப்பா"ன்னா, அடுப்பைப் பார்த்துக்கிட்டே.

கிளம்புறப்ப, அவ நிரைப் பெண்டுகள் என்னைக் கல்லுமேல உக்காரவச்சு வெத்தலை கொடுத்தாங்க.

"என்ன மாமா, ஏதோ சொல்ல வந்தாப்ல இருக்கு?"ன்னு ஒருத்தி கேட்டா.

"ஒன்னுமில்லம்மா... சுண்ணாம்பு கொஞ்சம் காரம்"னேன்.

எம்பொண்ணுக்குக் கை மெதுவும்மா, அவ கூடையிலயும் ஒரு கை அள்ளிப் போடுங்கன்னு கேக்க, அளவுக்காரன் எனக்கு வாய் வரல.