கொள்ளுச் செடி மேல் பத்து கிலோமீட்டர்

தாம்பரத்திலிருந்து திருவண்ணாமலைக்கு மோட்டார் சைக்கிளில் போக வழி கேட்டு இரண்டு பேர் எழுதியிருந்தீர்கள். திண்டிவனம் வழியாகப் போனால் சீக்கிரம். சீக்கிரம்தான் முக்கியமென்றால் பஸ்ஸே போதுமே! நாங்கள் போனது உத்திரமேரூர், வந்தவாசி வழி. 1984, தை மாதக் கடைசி. கல்யாணமாகி ஐந்து மாதம். பழைய வண்டி ஒன்றை வாங்கியிருந்தேன். மனைவி வசந்தாவைப் பின்னால் உட்கார வைத்து ஊர் ஊராகச் சுற்ற வேண்டுமென்று எனக்கு ஒரே ஆசை.

வசந்தா ஒரு நிபந்தனை போட்டாள். மூன்று மாதமாக மைதானத்தில் என்னிடம் வண்டி பழகி, எல்.எல்.ஆரும் வாங்கியிருந்தாள். உத்திரமேரூர் போய்ச் சேர்வதற்குள் பத்து கிலோமீட்டராவது அவள் ஓட்ட வேண்டும். இல்லாவிட்டால் அங்கேயே பஸ் ஏறி வீட்டுக்குத் திரும்பிவிடுவாள். சரி என்றேன். சரி என்று சொல்வதற்கு எனக்கென்ன கஷ்டம்?

காலை 5.40க்குப் புறப்பட்டோம். செங்கல்பட்டு வரை முப்பது கிலோமீட்டர். லாரி அதிகம் என்று வண்டியைத் தரவில்லை. இட்லி சாப்பிட்டுவிட்டு 7.15க்குக் காஞ்சிபுரம் சாலையில் திரும்பினோம். இங்கே வளைவு அதிகம் என்றேன். பழையசீவரத்தில் மலைக்கோயில் ஏறி இறங்கினோம். பாலாற்றைக் கடந்து திருமுக்கூடல் பெருமாளையும் சேவித்துவிட்டுக் கிளம்பும்போது மணி 9.30.

"இப்பவாவது குடுப்பீங்களா?" என்றாள்.

"ஜனங்க பார்ப்பாங்களே" என்று உண்மையை உளறிவிட்டேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு பின்னால் ஏறினாள். பின்சீட்டில் ஆள் இருக்கிறாளா என்று இரண்டு முறை திரும்பிப் பார்த்தேன். ஆறு கிலோமீட்டர் ஓடிவிட்டது. உத்திரமேரூருக்கு இனி ஒன்பதுதான். பத்துக்கு வழியே இல்லை. வெற்றி எனக்குத்தான், ஆனால் உத்திரமேரூரில் அவள் பஸ் ஏறிவிடுவாளே!

அப்போதுதான் சாலை முழுக்கக் கொள்ளுச் செடி காயப் போட்டிருந்ததைப் பார்த்தேன். இருநூறு மீட்டர் நீளம் இருக்கும். அடடா, பாவம், யாரோ பாடுபட்டு விளைவித்தது, மிதிக்கக் கூடாது என்று ஓரமாக ஒதுங்கினேன். அங்கேதான் செடியை உயரமாகக் குவித்து வைத்திருந்தார்கள். கொடி சங்கிலியில் சுற்றிக்கொண்டு வண்டி நின்றேவிட்டது.

புளிய மரத்தடியில் இருந்த ஐந்தாறு பெண்கள் ஓடி வந்தார்கள். திட்டப் போகிறார்கள் என்று நினைத்தேன். விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"கொள்ள மெதிக்காத போவணும்னு ஓரமா வந்தாராம்டி!" என்றாள் அஞ்சலை என்பவள். அவள்தான் அந்தக் கூட்டத்துக்குத் தலைவி மாதிரி இருந்தாள். "நீங்கோ மெதிக்கத்தான சார் ரோட்ல போட்டுகினு கீறோம்! காலீலேந்து பஸ்ஸே வரல. வண்டி ஏறாத கொள்ளு எப்டி சார் உதிரும்? கொஞ்சம் அப்டியும் இப்டியும் ஓட்டிக் குடுத்துட்டுப் போ சார்."

நேரமாகிவிட்டது என்று முனகிக்கொண்டே சங்கிலியிலிருந்து கொடியைப் பிடுங்கினேன். கையெல்லாம் கிரீஸ்.

"நான் ஓட்டறேன்" என்றாள் வசந்தா.

"ஓட்டுவியாம்மா?"

"ஓட்டுவேன்."

"அப்பறம் இன்னா! சார், ஒனக்கு இன்னாத்துக்கு பேஜாரு, நீ போய் நெழல்ல ஒக்காரு." அஞ்சலையே வசந்தாவின் புடவைக் கொசுவத்தைத் தூக்கி, நடவுக்கு இறங்குவது போல இறுக்கிச் செருகிவிட்டாள்.

முதல் சுற்றில் வண்டி தள்ளாடியது. எனக்கு உயிரே இல்லை. திரும்பும்போது சரியப் பார்த்து, காலை ஊன்றிக்கொண்டாள். பெண்கள் "ஓ"வென்று கத்தினார்கள். நான்காவது சுற்றிலேயே நேராகப் போனாள். அவள் அந்தப் பக்கம் போனதும் இவர்கள் கோலால் செடியைப் புரட்டிப் போடுவார்கள். திரும்பி வந்து அதன் மேல் ஏற்றுவாள். காய் வெடிக்கும் சத்தம் மரத்தடி வரை கேட்டது. ஒரு மணி நேரத்துக்கு மேல் இப்படியே. 11.20க்கு வண்டியை நிறுத்தியதும் மீட்டரைப் பார்த்தேன். பத்து கிலோமீட்டர், இரண்டு பர்லாங் கூடவே!

"பத்து முடிஞ்சுது" என்றேன். பஸ் தொல்லை தீர்ந்ததே என்று சந்தோஷமாக ஹாண்டிலைப் பிடிக்கப் போனேன்.

"அது இவங்களுக்காக ஓட்டினது. பின்னாடி ஏறுங்க."

அத்தனை பெண்களும் பார்த்துக்கொண்டிருக்க, ஏறினேன். வெட்கம் முதல் மைல்கல்லோடு போயிற்று. பிறகுதான் ஏரியும் கொக்கும் கரும்புத் தோட்டமும் கண்ணில் பட்டன. அவ்வளவு சந்தோஷமாக நான் எந்தச் சாலையிலும் போனதில்லை.

போகிறவர்களுக்கு: மொத்தம் நூற்று எழுபத்தைந்து கிலோமீட்டர், நாலரை லிட்டர் பெட்ரோல் ஆயிற்று. தை, மாசியில் சாலையில் கொள்ளு கிடந்தால் நடுவில் போங்கள், மெதுவாகப் போங்கள், பிரேக் மட்டும் போடாதீர்கள். இரண்டு பேராகப் போனால் மாற்றி மாற்றி ஓட்டுங்கள். வந்தவாசியில் டீ குடித்துவிட்டு நான் சாவிக்குக் கை நீட்டினேன். "கை வலிச்சா தரேன்" என்றாள் வசந்தா. திருவண்ணாமலை வரை அவளுக்குக் கை வலிக்கவே இல்லை.